நெரினா அத்தையின் பெரிய வால்வுகள்

நெரினா அத்தை கிதாரில் ஒரு தட்டுத் தட்டினால் பசிபிக் கடலில் திமிங்கிலங்கள் போன காரியத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். சிட்னியில் டாக்டர்கள் அறுத்த வயிற்றை அப்படியே விட்டுவிட்டு "யாரது?" என்று ஜன்னலுக்கு ஓடுவார்கள். நிலாவில் கொடி நட்டவர்களுக்கு அங்கே மெல்லிசாக ஒரு கிதார் சத்தம் கேட்டதாகவும், வெட்கப்பட்டு அதை வெளியே சொல்லவில்லை என்றும் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நம்பாதவர்கள், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் எங்கள் ஊர் பௌல்ஸ் கிளப்புக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கலாம். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம்.

மற்ற நாட்களில் அவள் சர்க்கரை மில்லில் கிரீஸ் போடுகிறவள். கரும்பை நசுக்கும் ராட்சச உருளைகள் பேரிங்குகளில் சுழலும். ஒவ்வொரு பேரிங்குக்கும் கிரீஸ் அடித்து, அதன் மூடி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். வெதுவெதுப்பு என்றால் நல்லது. சூடு என்றால் பேரிங் போகப் போகிறது. காதை மூடும் கவசத்தை மாலை மாதிரி கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். "காத மூடிக்கிட்டா உருளை என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?" என்பாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த மாலை கழுத்திலேயே இருக்கிறது.

கை வைத்துப் பார்க்கிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டெஸ் கில்லம் என்று ஒரு கரும்பு விவசாயி, எங்கள் பேண்டில் பேஸ் கிதார் வாசிக்கிறவர், ஒருநாள் உடம்பு முடியாமல் படுத்திருந்ததால் ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று முனகிக்கொண்டே வந்தார். அத்தை அவர் கார் பானட் மேல் கையை வைத்தாள். "வண்டி கொதிக்குதேய்யா. எந்த பப்புல படுத்திருந்தே?" என்றாள். என் நெற்றியிலும் அப்படித்தான். காய்ச்சல் என்று பொய் சொல்லி என்னால் ஒரு நாள்கூட லீவு போட முடிந்ததில்லை.

என் பெயர் டானி. வயது பதினேழு. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பத்தாம் வகுப்போடு ஒத்துவரவில்லை. பேக்கரியில் வேலை பார்க்கிறேன், பேண்டில் டிரம்ஸ் அடிக்கிறேன். அப்பா சுரங்க வேலை என்று மேற்கே போனவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். அவருடைய அக்கா வீட்டில் நானும் ஒரு சாமானாகச் சேர்ந்துவிட்டேன். டெஸ்ஸின் கிதார்ப் பெட்டிக்குள் தேரைத் தவளையை விட்டது நான்தான். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைச் சதுரமாக வெட்டி, சாக்லேட்டில் முக்கி, தேங்காய்ப்பூ தூவி, லேமிங்டன் கேக் என்று கிளப் மேனேஜர் கிளெனிஸுக்குக் கொடுத்ததும் நான்தான். அவள் நான்கு வாய் மென்று பார்த்துவிட்டு, "கொஞ்சம் காஞ்சு போச்சு," என்றாள்.

அத்தைக்கென்று தனி மரியாதை வைத்திருந்தேன். பேக்கரிக் காகிதப் பையை ஊதி, சத்தம் போடாமல் பின்னால் போய், அவள் பின்கழுத்துக்கு நேராக 'டப்' என்று உடைப்பேன். அத்தை அரையடி துள்ளி, இத்தாலிய மொழியில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பாள். அவள் அப்பா வழியில் கற்ற இத்தாலி அவ்வளவும் வசவுதான்.

இனி ஆம்ப். கிதாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி. பழைய அமெரிக்க மாடல் ஒன்றின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, பாகங்களைத் தபாலில் வரவழைத்து, அவளே கட்டியது. மஞ்சள் துணி போட்ட முகம், பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு. தகட்டுக்குள்ளே வால்வுகள். அந்தக் கால ரேடியோவில் கண்ணாடிக் குழல்கள் ஆரஞ்சு நிறத்தில் மினுக்குமே, அவைதான். கடைசி இரண்டு வால்வுகளுக்குத்தான் முக்கிய வேலை. சத்தத்தை நெட்டி ஸ்பீக்கருக்குள் தள்ளுவது அவைதான். அத்தையின் ஆம்பில் அந்த இரண்டும் சின்ன ரகம். பௌல்ஸ் கிளப்புக்கு அது தாராளம். அங்கே ஆட வருகிறவர்களின் இடுப்பில் பாதி டாக்டர் வைத்த இடுப்பு.

இந்த வருடம் மில்லில் கரும்பு அரவை தொடங்கிய சமயத்தில் அத்தை ஒருநாள் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மழுங்கிப்போச்சுடி."

"எது?"

"ஆம்புதான். போர்வைக்குள்ள படுத்துக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு."

எனக்கு அப்படித் தெரியவில்லை. அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். கிதாருக்குப் புதுத் தந்தி வந்தது. பிறகு புது ஸ்பீக்கர். ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் சந்தோஷம், மறுநாள் திரும்பவும் போர்வை. கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழ் மெல்ல மெல்ல நகர்ந்து கடைசி எண்ணில் போய் உட்கார்ந்தது. எனக்குப் பல் கூசியது. டெஸ் தொப்பியைக் காதுவரை இறக்கிக்கொண்டு வாசித்தார்.

கடைசியில் அத்தை தீர்ப்புச் சொன்னாள். "கோளாறு வால்வுலதான். சின்னதத் தூக்கிட்டுப் பெருசு போடப்போறேன்."

எங்கள் வீடு தூண்கள் மேல் நிற்கிறது. வீட்டுக்கடியில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில்தான் அத்தையின் பட்டறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆம்பைக் குப்புறக் கவிழ்த்து வயிற்றைத் திறந்தாள். டெஸ் பியர் பாட்டிலோடு வந்து, கவிழ்த்துப்போட்ட வாளி மேல் உட்கார்ந்து, கேட்காத யோசனையை ஆரம்பித்தார்.

"நெரினா, பெரிய வால்வு சூடேறறதுக்கே ரெண்டு மடங்கு கரண்ட் குடிக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா? அது மேல முட்டை பொரிக்கலாம்."

"பொரிச்சா உனக்கும் ஒண்ணு தரேன்."

"வெளையாடாத. வீடு பத்திக்கும்."

"வாங்கும்போதே ஒரு சைஸ் பெருசா வாங்கினேன்யா. சூடாகும், ஆனா வேகாது. கை வெச்சுப் பாத்துக்கறேன், நீ பியரைக் குடி."

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைத் தூக்கி எறிகிற அளவுக்குக் கரண்ட் உட்கார்ந்திருக்கும். அதை வடித்துவிட்டு, இடது கையைப் பேண்ட்டின் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, வலது கையை மட்டும் உள்ளே விட்டாள். ஒற்றைக் கை என்றால் மிச்சம் மீதி கரண்ட் இருந்தாலும் நெஞ்சு வழியாகப் போகாதாம். முழு வேலையும் அப்படியே நடந்தது. பார்க்க ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி இருந்தது.

வால்வைக் கழற்றிப் பெரியதைச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வால்வு சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கலாம் என்று அளந்து விட ஒரு ரெசிஸ்டர் உண்டு. பெரிய வால்வுக்கு வேறு அளவு. ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரையும் வேறு முனையில் இணைக்க வேண்டும்.

"நாளைக்கே திரும்பச் சின்னது வேணும்னா என்ன பண்ணுவே? எல்லாத்தையும் பிச்சுப் போடுவியா?" என்று டெஸ் கேட்டார்.

அத்தை சாமான் டப்பாவைக் கிளறினாள். பிறகு இரண்டு அளவையும் ஒரே ஸ்விட்சில் கட்டி, தகட்டுக்குக் கீழே ஓட்டை போட்டு வெளியே நீட்டினாள். இடது பக்கம் தள்ளினால் சின்னது, வலது பக்கம் தள்ளினால் பெரியது.

"சின்னதப் போட்டுட்டு ஸ்விட்ச மறந்துட்டா?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. நான் முன்னால் போய் நின்று திரும்பக் கேட்டேன்.

"அளவு மீறிக் குடிச்சு, வால்வுக்கு உள்ளே இருக்கற தகடு செக்கச்செவேல்னு பழுத்துடும். அப்பறம் சாவுதான். உன் அப்பன் மாதிரி குடிச்சா யாருக்கும் அதுதான்."

சின்ன வால்வு இரண்டையும் துணியில் சுற்றி பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்தாள். கடைசி இணைப்பில் ஈயம் உருகிக்கொண்டிருக்கும்போது நான் பின்னால் போய் ஒரு பையை உடைத்தேன். டெஸ் பியரைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டார். அத்தையின் கை மயிரிழைகூட அசையவில்லை. இரும்பு நெஞ்சு என்று நினைத்தேன். இனிமேல் மாவுப் பைதான் கொண்டுவர வேண்டும் என்றும் நினைத்தேன்.

அடுத்த வெள்ளி பெரிய வால்வுகள் கிளப்புக்கு வந்தன. முதல் பாட்டிலேயே முன்வரிசை மேஜைகள் காலியாயின. ஒரு தாத்தாவின் காது மெஷின் விசிலடித்தது. அவர் அதைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். ஆட வந்த ஜோடிகள் ஹால் கதவுக்கு வெளியே, புல்தரையின் ஓரத்தில் போய் ஆடினார்கள். அத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, முதுகை ஆம்பில் சாய்த்து, ஆனந்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் என்னிடம் வந்து, "நல்லாருக்கு. ஆனா இன்னும் ஒரு மெல்லிசு போர்வை இருக்குடி," என்றாள்.

ஆம்பைக் கழற்றி வைக்கும்போது கிளெனிஸ் நேராக அத்தையிடம் வந்தாள். அத்தை குனிந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நெரினா, பாதி பேர் சாப்பாட்டப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க. இது கிளப்பு, ரயில்வே ஸ்டேஷன் இல்ல."

"தேங்க்ஸ் கிளெனிஸ்," என்றாள் அத்தை நிமிராமலே. "எங்களுக்கும் இன்னிக்கு ரொம்பத் திருப்தி."

என்ன திமிர் என்று நான் வியந்துபோனேன். நானே இவ்வளவு அழகாக மூக்குடைத்ததில்லை. கிளெனிஸ் சிவந்த முகத்தோடு என்னைக் கார் நிறுத்துமிடம்வரை துரத்தி வந்தாள். "உன் அத்தைகிட்ட நீயே சொல்லு. அடுத்த வெள்ளியும் இப்படின்னா கரோக்கேக்காரனக் கூப்பிடறேன். அவன் மெஷின்ல சத்தத்தக் கொறைக்கலாம். இவளக் கொறைக்க முடியல."

வெள்ளிக்கிழமை போய்விட்டால் அத்தைக்கு என்ன இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்தேன். மில், கிரீஸ், காயப்போட்ட துணி மேல் வந்து விழுகிற, கரும்புத் தோட்டம் எரித்த சாம்பல், நான். இதில் எதுவும் கைதட்டாது.

வீட்டில் சொன்னேன். அத்தை என் வாயையே பார்த்துக் கேட்டுவிட்டுக் கையை உதறினாள். "கிளெனிஸுக்கு அவ சத்தத்தத் தவிர வேற சத்தம் பிடிக்காது. வால்வு புதுசு. கொஞ்ச நாள் ஓடினா தானாப் பதமாயிடும்."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அடுத்த வெள்ளி ஆம்பைக் கிளப்பில் இறக்கி வைத்துவிட்டு அத்தை பார்க்கிங்கில் டெஸ்ஸோடு பேசிக்கொண்டிருந்த நேரம், நான் தகட்டைக் கழற்றி, பெரியதை எடுத்துவிட்டு, பிஸ்கட் டின்னிலிருந்து கொண்டுவந்த சின்னதைச் செருகினேன். ஸ்விட்சை இடது பக்கம் தள்ளினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டைகள் வழியே ஆரஞ்சு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். போனை டிரம்ஸ் மேல் சாய்த்து வீடியோவைப் போட்டேன். முதல் தட்டிலேயே அத்தை பாம்பை மிதித்தவள் மாதிரி திரும்புவாள். இத்தாலி முழுவதும் வெளியே வரும். கிளெனிஸ் சிரிப்பாள், எல்லாம் சரியாகும். திட்டம் அதுதான்.

அத்தை வந்தாள், கிதாரை மாட்டினாள், ஒரு தட்டுத் தட்டினாள்.

ஹாலுக்கு ஏற்ற, இதமான, பழைய சத்தம். டெஸ் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்.

அத்தை இன்னொரு முறை தட்டினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

"சொன்னேன்ல? பெரிய வால்வு இப்பதான் பதமாயிருக்கு. என்னா கனம் பாரு!"

நான் போனை எடுத்து நிறுத்தினேன். அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டியதில்லை. அதில் அத்தை சிரிப்பதோடு படம் நின்றுவிடும்.

அன்று முழுக்க நான் தாளத்தை எண்ணியதைவிட மற்றதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் கெட்டில் கொதித்துக் கத்தினாலும் அத்தை நகராமல் உட்கார்ந்திருந்தது. நான் பின்னாலிருந்து கேட்டதற்கெல்லாம் பதில் வராமல் போனது. கிளெனிஸுக்குச் சொன்ன பதில் திமிரே இல்லை. என் காகிதப் பைகள். இரும்பு நெஞ்சு என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் நான் பெரிய பையாகத் தேடிக்கொண்டு போயிருக்கிறேன். போர்வை ஆம்ப் மேல் இல்லை.

அன்றைக்குப் புல்தரைக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்ப உள்ளே வந்து ஆடினார்கள். கிளெனிஸ் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நான் குனிந்து டிரம்ஸ் ஸ்க்ரூவை இறுக்கினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு இரட்டை வேலை. வாசிப்பதற்கு முன்னால் சின்னதைப் போட்டு ஸ்விட்சைத் தள்ளுவேன். முடிந்த பிறகு திரும்பப் பெரியதைப் போட்டு ஸ்விட்சை மறுபக்கம் தள்ளுவேன். ட்ரெபிள் குமிழின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழை மட்டும் திருப்பி மாட்டிவிட்டேன். அத்தை கடைசி எண் என்று நினைத்து வைத்தால் உண்மையில் அது பாதிதான். தேரை விட்டவளுக்கு இதெல்லாம் பெரிய வித்தையா? தேரை விட்டபோது வாசலை நாலு தடவை திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டெஸ் என்னை விடவில்லை. "எப்ப சொல்லப் போறே?"

"எத?"

"லேமிங்டன் குடுத்த மூஞ்சிய என்கிட்டக் காட்டாத. அவளுக்குக் காது போகுது. நீ கண்ணக் கட்டிக்கிட்டு ஆடறே."

"சொன்னா கிதாரத் தூக்கி வெச்சுடும். எனக்கு அத்தயத் தெரியும்."

"இன்னும் போகும் டானி. அப்ப என்ன பண்ணுவே? பெட்டிய மட்டும் மேடையில வெச்சுட்டு நீயே வாயால வாசிப்பியா?"

பதிலுக்கு மறுநாள் அவர் கார் கைப்பிடிக்கு அடியில் தேன் தடவினேன். அதில் எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

அரவை முடிந்தது. மில் சங்கு கடைசியாக ஊதி அடங்கிய வாரம் கிளப்பில் பெரிய ஆட்டம் நடக்கும். ஊரே வரும். அன்று சாயங்காலம் பின்வாசலில் ஆம்பின் தகட்டைக் கழற்றி நான் வால்வை மாற்றிக்கொண்டிருக்கும்போது டெஸ் என் தலைக்கு மேல் வந்து நின்றார்.

"இன்னியோட சரி. இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதும் நீ சொல்றே. இல்ல நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா நான் உங்ககூட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

"எவ்வளவு நிம்மதி," என்றார் டெஸ். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை. "அவள ஏமாத்தறது நீ மட்டும் இல்ல, நாம எல்லாரும்னு நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரல பொண்ணே."

உள்ளேயிருந்து கிளெனிஸ் கூப்பிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தகட்டை மாட்டி, ஆம்பை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஹால் நிரம்பி வழிந்தது. மில் ஆட்கள் முழுப் பேரும் வந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டின்போது எனக்கு ஒரு வாசனை வந்தது. தூசி தீய்கிற வாசனை. என் இடம் ஆம்புக்கு நேர் பின்னால். ஓட்டைகள் வழியே பார்த்தேன். ஆரஞ்சு இல்லை. சிவப்பு. அடுப்பில் பழுத்த இரும்பு மாதிரி வால்வுக்குள்ளே இரண்டு தகடுகள் பழுத்துக்கொண்டிருந்தன.

ஸ்விட்ச் வலது பக்கத்திலேயே இருந்தது.

எழுந்து போய்த் தள்ளினால் ஊருக்கே தெரியும். தள்ளாவிட்டால் வால்வு சாகும், அதோடு டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். தாளத்தை விடாமல் இடது காலை நீட்டி சிம்பல் ஸ்டாண்டை ஓர் உதை உதைத்தேன். அது பெரும் சத்தத்தோடு ஒயர் மேல் விழுந்து, பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. கிதார் ஒரு முனகல் முனகி அடங்கியது. ஹாலில் ஓவென்று சிரிப்பு. "டானி, குடிக்கற வயசு வரட்டும்!" என்று யாரோ கத்தினார்கள்.

அத்தை திரும்பினாள். கீழே கிடந்த ஸ்டாண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒரு நொடிதான். கீழே குனிந்து, பார்க்காமலே விரலால் தடவி, ஸ்விட்சை இடது பக்கம் தள்ளினாள்.

சின்ன வால்வின் பக்கம்.

பிறகு பிளக்கைச் சுவரில் செருகி, வால்வு சூடேறும்வரை கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் குச்சியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "எண்ணு," என்றாள். எண்ணினேன். வாசித்தோம். எப்படி வாசித்தோம் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் ஆடினார்கள்.

முடிந்தபோது வெளியில் இருட்டியிருந்தது, கார் நிறுத்துமிடத்து விளக்கு மட்டும் எரிந்தது. டெஸ் எங்களைப் பார்த்துவிட்டு, தன் கிதாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தை வண்டியின் பின்கதவைத் திறந்து ஆம்பை ஏற்றி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் அவள் முகத்துக்கு நேராக நின்றேன். இப்போதெல்லாம் அப்படித்தான் நிற்கிறேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ மாத்தின மொத வெள்ளியே. வாசிச்சு முடிச்சுத் தூக்கலாம்னு கை வெச்சேன். பெரிய வால்வு ஓடினா கைய எடுக்கணும்னு தோணற சூடு. அன்னிக்கு தூங்கற பூனை மேல கை வெச்ச மாதிரி இருந்துச்சு."

"அப்ப ஏன் என்னத் திட்டல?"

"திட்டத்தான் வந்தேன். உன் டிரம்ஸத் தூக்கி ஆத்துல போடணும்னு வந்தேன்." அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "பாதி வழியில தோணுச்சு. சின்ன வால்வுலதான் அவ்வளவு நேரம் வாசிச்சிருக்கேன், எனக்கு ஒண்ணுமே தெரியல. அப்போ கெட்டுப்போனது ஆம்பு இல்ல. அன்னிக்குத்தான்டி எனக்கே தெரியும்."

எங்கள் பக்கத்தில் ஒரு கார் கிளம்பிப் போனது. அதன் ஹாரனுக்கு நான் திரும்பினேன். அவள் திரும்பவில்லை.

"வாசிக்கறத விட்டுடுவியா?" என்றேன்.

"தெரியல. இப்ப சத்தம் தொடை வழியா வருது, முதுகு வழியா வருது. எவ்வளவு நாளைக்கோ." ஆம்பைத் தட்டிக்கொடுத்தாள். "கிளெனிஸ்கிட்ட நானே சொல்லிக்கறேன். சின்னதே இருக்கட்டும். ட்ரெபிள எங்க வெக்கணும்னு நீ கண்ணக் காட்டு. குமிழத் திருப்பி மாட்டற திருட்டு வேலயெல்லாம் வேணாம்."

"நான் என்ன தெரிஞ்சா பண்ணினேன்? சும்மா வெளையாட்டுக்கு மாத்தினேன். உனக்குக் காது கேக்கலங்கறதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது."

"அப்படியா?"

"அப்படித்தான்."

"நீ பின்னாடி பைய ஒடச்சா எனக்கு ஏதோ தூரத்துல கதவு சாத்தற மாதிரிதான் கேக்கும். ஆனா பின்கழுத்துல காத்துப் படும். வந்துட்டா எருமைன்னு சிரிச்சுக்குவேன்." அத்தை என்னையே பார்த்தாள். "அந்த வெள்ளிக்கப்பறம் ஒரு காத்தும் படலயேடி."

நான் தலையைத் திருப்பி, யாரோ கூப்பிட்டதுபோலக் கிளப் பக்கம் பார்த்தேன். அவள் கையை நீட்டி என் கன்னத்தில் வைத்தாள். எடுக்கவில்லை.

"வேர்வை," என்றேன்.

"ம்," என்றாள் அத்தை. "பேரிங் போகப் போகுது."